பதினொன்றில் ஏழு

போன திங்கட்கிழமை ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். தீவிரவாதத்தின் பக்கம் போகும் பிள்ளைகளிடம் தெரியும் பதினோரு அறிகுறிகள் என்று யாரோ எழுதி, யாரோ பகிர்ந்து, இவர் அச்செடுத்துக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நீல மையில் சரி, தவறு என்று குறித்திருந்தார். “பதினொன்றில் ஏழு இருக்கிறது, டாக்டர்” என்றார். தாளை என் பக்கம் தள்ளிய விரல்கள் நடுங்கின.

மகனுக்குப் பதினேழு வயது. அவனோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினேன். அவனுக்கு இருந்தது மனச்சோர்வு. அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வது, பழைய நண்பர்களை விட்டு விலகியது, கைப்பேசியை மறைப்பது, சட்டென்று எரிந்து விழுவது என்று அப்பா குறித்திருந்த ஏழும் அதில் அடங்கிவிட்டன. சிகிச்சை தொடங்கியாயிற்று. ஆனால் அவன் என்னிடம் முதலில் சொன்னது தன் தூக்கமின்மையைப் பற்றி அல்ல. “நான் ஆட்களைக் கொன்றுவிடுவேன் என்று அப்பா நினைக்கிறார்” என்றான்.

வியாழக்கிழமை அதே நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். தம்பி காவலில் இருக்கிறான். எதுவும் நடப்பதற்கு முன் பிடித்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. அவர் தன் கைப்பேசியை எடுத்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். “அடுத்த மாதம் என் பெயர் எல்லார் வாயிலும் இருக்கும். நீ அழக் கூடாது, அக்கா.” அதற்குக் கீழே அக்காவின் பதில்: கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம். அதைப் பார்த்தபடியே, “அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை, டாக்டர்” என்றார்.

இரண்டு குடும்பங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரே வாரத்தில் இந்த இரண்டும் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அப்படிப்பட்ட ஆள்’. நான் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல் இது. அந்தத் தந்தை மகனிடம் ‘அப்படிப்பட்ட ஆளை’க் கண்டார், இந்த அக்கா தம்பியிடம் அந்த ஆளைக் காணவில்லை. இருவரையும் ஏமாற்றியது ஒரே நம்பிக்கை. பயங்கரவாதியாகப் போகிறவனுக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது, உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

அப்படி ஒரு வார்ப்பு கிடையாது. எங்கள் துறையே அதைத் தேடித் தேடிக் களைத்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் ‘செம்படைப் பிரிவு’ என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த உல்ரிக்கே மைன்ஹோஃப் 1976-ல் சிறையில் இறந்தபோது, குடும்பத்துக்குத் தெரியாமல் அவருடைய மூளையை எடுத்துப் பாதுகாத்து ஆராய்ந்தார்கள். 2002-ல்தான் விஷயம் வெளியே வந்தது. 1962-ல் அவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது உண்மை. அதே குழுவில் அவரோடு துப்பாக்கி தூக்கிய மற்றவர்களுக்கு என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது? 1981-லேயே அரசியல் அறிஞர் மார்த்தா கிரென்ஷா, பயங்கரவாதிகளிடம் எடுப்பாகத் தெரியும் பொதுப் பண்பு அவர்களுடைய இயல்புநிலையே என்று எழுதிவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வறுமைதான் காரணம் என்பார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை முன்னின்று நடத்திய முகமது அத்தா வழக்கறிஞரின் மகன். ஹாம்பர்க்கில் நகரத் திட்டமிடல் படித்தவர். மூளை பிசகியவர்கள் என்பார்கள். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவனுக்கு மனச்சிதைவு என்றது முதலில் பரிசோதித்த மருத்துவர் குழு. இல்லை என்றது இரண்டாவது குழு. புத்தி தெளிவாக இருந்தே செய்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியாளாகத் தாக்குதலில் இறங்குகிறவர்களில் மனநோய் வரலாறு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் மனநோயோடு வாழும் கோடிக்கணக்கானவர்கள் யாரையும் தொடுவதில்லை. ஒவ்வொரு குண்டுவெடிப்புக்குப் பிறகும் என்னிடம் வருகிறவர்கள் தெருவில் படும் பார்வையை நான் அறிவேன்.

பட்டியலை நம்புகிறவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லட்சம் பேரில் பத்துப் பேர் உண்மையிலேயே வன்முறையில் இறங்கப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் அற்புதமான சோதனை ஒன்று நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் உலகில் இல்லை. அந்தச் சோதனை அநேகமாகப் பத்துப் பேரையும் பிடித்துவிடும். கூடவே, மீதிப் பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம், ஏறத்தாழ ஆயிரம் அப்பாவிகளையும் பிடிக்கும். 99 சதவீதச் சோதனைக்கே இந்தக் கதி என்றால், ‘கதவைச் சாத்திக்கொள்கிறான்’, ‘புதிதாகத் தாடி வைத்திருக்கிறான்’ என்ற பட்டியலுக்கு என்ன கதி? கதவைச் சாத்திக்கொள்ளாத பதினேழு வயதை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? பாதையை. உளவியலாளர் ஜான் ஹோர்கன் 2008-லேயே இதைத்தான் வலியுறுத்தினார்: ஆளின் சித்திரத்தை வரைவதை விட்டுவிட்டு அவர் நடந்துவந்த வழியைப் பாருங்கள்.

ஓர் இயக்கத்திலிருந்து வெளியே வந்த ஒருவரோடு இரண்டு ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். முதல் நாள், மற்றவர்களைப் போல நானும் தவறான கேள்வியையே கேட்டேன்: “ஏன் சேர்ந்தீர்கள்?” நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறியது. எங்கள் மக்கள், எங்கள் வரலாறு, எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று இருபது நிமிடம் தங்குதடையின்றி வந்தது. அத்தனையும் உள்ளே போன பிறகு கற்றுக்கொடுக்கப்பட்டவை. சேர்ந்த அன்று அவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது. அடுத்த முறை கேள்வியை மாற்றினேன்: “அங்கே நீங்கள் செய்த முதல் வேலை என்ன?”

நெடுநேரம் யோசித்தார். “நாற்காலி மடித்தேன்” என்றார்.

பள்ளித் தோழன் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறான். பேச்சு பிடிக்கவில்லை, பாதியில் எழுந்து போகவும் கூச்சம். கூட்டம் முடிந்ததும் தோழன் நாற்காலிகளை மடித்து அடுக்கினான். இவரும் கூட மடித்தார். பெரியவர் ஒருவர் தோளில் தட்டி, “தம்பி நாளைக்கும் வருமா?” என்று கேட்டார். வேலை போய் நான்கு மாதமாகியிருந்த நேரம். தன்னை யாரும் எதற்கும் அழைத்துப் பல நாளாயிற்று என்றார் என்னிடம். மறுநாளும் போனார். பிறகு துண்டுப் பிரசுரம். பிறகு தன் பெயரில் ஒரு சிம் கார்டு. பிறகு இரண்டு இரவுகளுக்கு ஒரு பை. ஜிப்பைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். திறக்கவில்லை. அந்தப் பையை வாங்கிக்கொண்ட இரவில்கூடத் தான் ஒரு முடிவு எடுத்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. கருத்து தீவிரமாவதும் ஆள் செயலில் இறங்குவதும் தனித்தனி விஷயங்கள் என்று உளவியலாளர்கள் கிளார்க் மெக்காலியும் சோபியா மொஸ்கலென்கோவும் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கொடூரமான கருத்துடைய மிகப் பலர் கடைசிவரை கையை ஓங்குவதில்லை. இவரைப் போன்ற சிலர் கருத்தே இல்லாமல் உள்ளே போய்விடுகிறார்கள். அவர்களை இழுப்பது தெரிந்த முகம். மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன் 2004-ல் 172 ஜிகாதிகளின் வாழ்க்கை விவரங்களை அலசியபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நட்பின் வழியாகவும், வேறு சிலர் உறவின் வழியாகவும் போயிருந்தார்கள்.

இதையும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வுகளில் பல, சேர்ந்தவர்களை மட்டும் பார்க்கின்றன. அதே அநீதியைக் கண்டு, அதே கோபத்தோடு, அதே கூட்டத்துக்குப் போய், நாற்காலியை மடிக்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்று இன்னும் உருப்படியாகப் பேசியிருப்பேன்.

இப்போது அந்த அக்காவின் கைப்பேசிக்கு வருகிறேன். திட்டம் தீட்டுகிறவர் பெரும்பாலும் யாரிடமாவது சொல்லிவிடுகிறார். நாங்கள் இதைக் ‘கசிவு’ என்போம். ஆய்வாளர் பால் கில்லும் அவருடைய சகாக்களும் தனியாளாகச் செயல்பட்ட, அல்லது செயல்படத் திட்டமிட்ட 119 பேரை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 64 சதவீதத்தினரின் நோக்கம் குடும்பத்தினருக்கோ நண்பர்களுக்கோ முன்பே தெரிந்திருந்தது; அவர்களே வாயால் சொல்லியிருந்தார்கள். ‘தனி ஓநாய்’ என்று தலைப்புப் போடுகிற செய்தி ஆசிரியர்கள் இந்த எண்ணை மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தயவுசெய்து காது கொடுங்கள். ஒருவர் ஆட்களைக் கொல்வதைப் பற்றியோ, அதில் தான் சாவதைப் பற்றியோ பேசினால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எடைபோடாதீர்கள். என்ன சொன்னார் என்று பாருங்கள். “விளையாட்டுக்குச் சொல்கிறாயா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று விடுவார். “யாரை? எப்போது? எதை வைத்து?” என்று நிதானமாகக் கேளுங்கள். பதிலில் ஒரு நாளோ, இடமோ, ஆயுதமோ வந்தால், அல்லது பொருள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து விடைபெறத் தொடங்கினால், அன்றைக்கே காவல்துறையிடம் போங்கள். காலை வரை பொறுக்காதீர்கள். குடும்ப மானம் என்று உறவினரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள். காதில் விழுந்த சொற்களை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள்.

சொல்வது துரோகம் என்று நினைக்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் 17 ஆண்டுகள் தபாலில் குண்டு அனுப்பியும் நேரில் வைத்தும் மூவரைக் கொன்ற டெட் கசின்ஸ்கியைக் கடைசியில் அடையாளம் காட்டியவர் அவருடைய தம்பி. இது அண்ணனாக இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டவர் தம்பி மனைவி; 1995-ல் நாளிதழில் வெளியான அறிக்கையின் நடை அண்ணனுடையது போலிருக்கிறது என்று தம்பி பிறகு கண்டுகொண்டார். தகவலைச் சொன்ன அதே தம்பிதான் அண்ணனுக்கு மரண தண்டனை கூடாது என்று போராடவும் செய்தார்.

ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, பேச்சும் கூட்டாளிகளும்தான் கவலை தருகிறார்கள் என்றால், கொள்கையை வைத்து வாதாடாதீர்கள். அந்த வாதத்துக்கு அவரைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். உங்களை யாரும் பயிற்றுவிக்கவில்லை. யாரோடு போகிறார், என்ன வேலை கொடுக்கிறார்கள், போன மாதம் எதை இழந்தார் என்று கேளுங்கள். வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். துரத்தினால் அவருக்கு மிஞ்சுவது அந்தக் கூட்டம் மட்டும்தான், அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். பள்ளி நிர்வாகிகளே, மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துத் தீவிரவாதியைக் கண்டுபிடித்துத் தரும்படி இனி என்னைக் கேட்காதீர்கள்; மேலே போட்ட கணக்கைப் படியுங்கள்.

நாற்காலி மடித்தவர் வெளியே வந்ததற்குப் பெரிய ஞானோதயம் எதுவும் காரணமில்லை. தலைவர்கள் பணத்துக்குச் சண்டை போட்டார்கள். அழைத்துப் போன தோழனை அவர்களே அடித்தார்கள். இவர் களைத்துப்போயிருந்தார். வெளியேறிய இரவில் கைப்பேசியை உடைத்துப் போட்டுவிட்டு ஒரு பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறார். உள்ளே இருந்த மூன்று ஆண்டுகளும் அவருடைய சித்தி ஒருவர் ஞாயிறுதோறும் அழைத்து, அரசியல் எதுவும் பேசாமல், சாப்பிட்டாயா, இருமல் விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம். பல ஞாயிறு இவர் எடுக்கவே இல்லை. எண்ணை மட்டும் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அருகில் நின்ற ஒருவரிடம் கைப்பேசியை இரவல் வாங்கியபோது அவருக்கு மனப்பாடமாக இருந்தது அந்த ஓர் எண்தான்.