கிரேடியன்ட்: டிகிரி அல்ல, வாட்டம்

ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கினால் போதும், "8 டிகிரி சாய்வு கொண்ட மலைப்பாதை" என்று தமிழில் எங்காவது ஒரு வரி வந்துவிடும். மூலத்தில் இருப்பது 8 பர்சன்ட் கிரேடியன்ட். டிகிரியும் விழுக்காடும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதுகிறார்கள். 8 டிகிரி என்றால் 14 விழுக்காடு. பந்தய வீரரே பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க வேண்டிய ஏற்றம் அது. இப்போது உள்ளூர் சைக்கிள் குழுக்களின் வழிக்குறிப்புகளிலும் இந்தப் பிழை புகுந்துவிட்டது. அதை நம்பிக் கிளம்புகிறவரின் கணக்கே தப்பிவிடும்.

'கிரேடியன்ட்' லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'கிராதுஸ்' என்றால் காலடி, படி. கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் எத்தனை மீட்டர் மேலே ஏறுகிறோம் என்பதுதான் அளவு. 8 மீட்டர் ஏறினால் 8 விழுக்காடு. சாலை நீளத்தை வைத்தே வகுத்தாலும் பெரிய பிழை வராது. 10 விழுக்காட்டில்கூட இரண்டு நீளங்களுக்கும் 100 மீட்டருக்கு வித்தியாசம் அரை மீட்டர்தான்.

இதற்குச் 'சாய்வுக் கோணம்' என்று ஒரு மொழிபெயர்ப்பு பரவியிருக்கிறது. இதைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமே இதைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: கோடு கிடைமட்டத்தோடு உண்டாக்குவது சாய்வுக் கோணம்; அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் (உயரத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் வருவது) சாய்வு. சாலைப் பலகையில் இருப்பது இரண்டாவது. பள்ளியில் இதைப் படித்தவர்களே பிறகு கோணம் என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 45 டிகிரி என்பது 100 விழுக்காடு. 10 விழுக்காடு என்பது 5.7 டிகிரி. 10 டிகிரி என்பது 17.6 விழுக்காடு.

இது வெறும் எண் தகராறு அல்ல. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, சீராக 190 வாட் கொடுத்து மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவார். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னதில் 34 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 65 சுற்று சுற்றும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். 10 டிகிரியில் அதே ஆள் 5 கிலோமீட்டர் வேகத்தைத் தொட மாட்டார். சுற்று 40-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் முட்டியில் பாரம் ஏறும், ஹேண்டில் ஆடும், கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வழிக்குறிப்பைப் பார்த்துத்தான் பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்காக 28 பல் கேசட்டா, 34 பல் கேசட்டா என்று முடிவு செய்கிறார்கள். குறிப்பிலேயே அளவு தப்பாக இருந்தால் அந்த முடிவு எப்படிச் சரியாக இருக்கும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல் நம்மிடமே இருக்கிறது: வாட்டம். கொத்தனார் தளம் போடும்போது "அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் வை" என்பார். 12 அங்குலத்துக்குக் கால் அங்குலம். 2 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். கோணமானி இல்லை, டிகிரி இல்லை. எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு உயரம், அவ்வளவுதான். கிரேடியன்ட் என்பதும் துல்லியமாக இதுவேதான். 'வாட்டம் என்றால் சோர்வு அல்லவா?' என்று ஒரு மறுப்பு வரும். முகவாட்டத்தையும் மொட்டைமாடி வாட்டத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. தண்ணீர் இறங்குவதற்குரிய சொல் ஆயிற்றே என்றால், ஏற்ற வாட்டம், இறக்க வாட்டம் என்று பிரித்துச் சொல்லலாம். 'சாய்வு' என்று எழுதினாலும் குற்றமில்லை. விழுக்காடு, சதவீதம், பர்சன்ட், எது வேண்டுமானாலும் போடுங்கள். டிகிரி மட்டும் வேண்டாம்.

'கிளைம்ப்' என்பதை 'மலையேற்றம்' ஆக்குவதும் சரியல்ல. மலையேற்றம் என்றால் முதுகுப்பையோடு காட்டுப்பாதையில் நடப்பது என்று சொல் நிலைத்துவிட்டது. சைக்கிளுக்கு 'ஏற்றம்' போதும். மாறு–மாற்றம், தேறு–தேற்றம் போல ஏறு–ஏற்றம். லாரி ஓட்டுநர் முதல் பால்காரர் வரை "ஏத்தம்" என்றுதான் சொல்கிறார்கள். பிரான்சில் 'கோல்' என்று பெயர் தொடங்கும் இடங்களைச் 'சிகரம்' என்று எழுதுவது அடுத்த கோளாறு, அது கணவாய். 7 விழுக்காட்டுச் சாலையைச் 'செங்குத்து' என்பதோ அநியாயம். செங்குத்து 90 டிகிரி. அதில் பல்லிதான் ஏறும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுகிற சொல் 'உயரம்'. நீண்ட, கடுமையான ஏற்றத்தைத் தேடுகிறவருக்குக் கடல்மட்ட உயரம் உதவாது. அடிவாரத்திலிருந்து ஏறும் உயரம்தான் வேண்டும். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையூரான ஆல்ப் துவேஸ் 1,850 மீட்டரில் இருக்கிறது. ஆனால் 13.8 கிலோமீட்டரில் ஏறுவது ஏறத்தாழ 1,100 மீட்டர். அதே நாட்டின் மோன் வான்டூ மலையுச்சி அதைவிட 60 மீட்டர்தான் அதிகம். ஆனால் பெதுவான் ஊரிலிருந்து போனால் 21 கிலோமீட்டரில் சுமார் 1,600 மீட்டர் ஏற வேண்டும். 'உயரம்' என்று மொட்டையாக எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

சராசரி வாட்டத்தையும் அப்படியே நம்பக் கூடாது. வான்டூவின் சராசரி 7.5 விழுக்காடு. ஆனால் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாதுவாகப் போகும். அதில் மயங்கி வேகமாக மிதித்தவருக்குச் சேன்ட் எஸ்தேவ் வளைவு தாண்டியதும் காட்டுக்குள் 9, 10 விழுக்காடு தொடர்ந்து காத்திருக்கிறது. நீலகிரி மலை ரயில் பாதையும் இப்படித்தான்: 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை, சராசரி 4 விழுக்காடு. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரம் இல்லாமல் ஏற முடியாத 8 விழுக்காடு. ஆகவே வரைபடத்தில் ஏற்றத்தைத் தேடும்போது கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வாட்டம் பாருங்கள். நடுவில் இறக்கம் இருந்தால் சராசரி குறைந்து காட்டும். அங்கே ஏற்றத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியே கணக்கிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கை கடுமைக்கு அளவுகோல் அல்ல. வளைவைக் கூட்டிச் சாலையை நீட்டுவதே வாட்டத்தைக் குறைப்பதற்காகத்தான்.

சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி ஏற்றங்களை வகைப்படுத்துவதும் இந்த அளவை வைத்துத்தான். நீளத்தை மீட்டரில் எடுத்து விழுக்காட்டால் பெருக்குகிறது: 8,000 தாண்டினால் நான்காம் வகை, 16,000 மூன்று, 32,000 இரண்டு, 64,000 ஒன்று, 80,000-க்கு மேல் வகைகளுக்கு அப்பாற்பட்டது. ஆல்ப் துவேஸுக்கு 13,800 × 8.1, அதாவது 1,11,780. விழுக்காட்டுக்குப் பதில் அதற்கு ஈடான 4.63 டிகிரியைப் போட்டுப் பெருக்கினால் 63,894 வரும். ஆல்ப்ஸின் பேர்போன ஏற்றம் முதல் வகைக்குக்கூடத் தேறாது.