வைடால் தாளை நம்பி மாத்திரை விழுங்குவோருக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், 'ஓ' 1:80 என்று எழுதிய வைடால் (டைபாய்டுக்கான ரத்தச் சோதனை) முடிவையும், அதைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சில நாட்கள் விழுங்கிய மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து, "டைபாய்டு போயிருச்சுங்களா, இன்னொருக்கா வைடால் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். ஈரோட்டிலும் கோபியிலும் மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஆய்வகத்தில் வேலை செய்யும் எங்கள் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்விதான் இது.

1896 முதல் வழக்கில் இருக்கும் வைடால் சோதனை உங்கள் ரத்தத்தில் கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் அது தேடுகிறது. அந்த ஆன்டிபாடி முன்பு எப்போதோ வந்த டைபாய்டால் இருக்கலாம், தடுப்பூசியால் இருக்கலாம், டைபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லாவில் வேறொன்றால் இருக்கலாம், சில சமயம் சம்பந்தமே இல்லாத காய்ச்சலாலும் கூடித் தெரியலாம். டைபாய்டு ஓயாத நம் ஊர்களில் நலமாக இருப்பவரின் ரத்தத்திலும் ஓரளவு இருக்கும் என்பதால், ஒற்றை 1:80, அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்தும் ஆன்டிபாடி தெரிந்தது என்ற முடிவு, எதையும் நிரூபிக்காது. உண்மையான டைபாய்டின் முதல் வாரத்தில் சோதனை நெகடிவ்வாகவும் வரலாம். குணமான பின்னும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் தங்கும் என்பதால், நோய் போய்விட்டதா என்ற கேள்விக்கு வைடாலில் பதிலே கிடையாது.

ஆன்டிபாடியைக் கொண்டு கிருமியையே அடையாளம் காணும் சோதனை வேறு. ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் வளர்த்து, அதிலிருந்து தட்டில் எடுத்த கிருமித்திட்டு ஒன்றை ஸ்லைடில் உப்புநீரில் கரைத்து, தானாகவே திரளவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எந்தக் கிருமிக்கு உரியது என்று தெரிந்த ஆன்டிபாடி அடங்கிய ஆன்டிசீரம் ஒரு துளி சேர்த்தால், பொருந்தும் கிருமி ஒரு நிமிடத்துக்குள் திரிந்த பால்போலத் துகள்துகளாகத் திரளும். கிருமியின் மேற்பரப்பில் உள்ள 'ஓ' பகுதியை வைத்துத்தான் சால்மோனெல்லாக்களைக் குழுக்களாகப் பிரிக்கிறோம்: 'ஓ-9' சீரத்தில் திரண்டால், டைபாய்டு கிருமியான டைஃபி அடங்கிய டி குழு. 'ஓ-2' என்றால், டைபாய்டு போன்ற காய்ச்சலைத் தரும் பாராடைபாய்டு ஏ அடங்கிய ஏ குழு. டைஃபியின் மேலுள்ள 'விஐ' உறை 'ஓ' பகுதியை மூடி மறைப்பதுண்டு. அப்போது கரைசலைக் கொதிக்கவைத்து மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் படியைச் சோம்பலில் தாண்டிவிட்டுச் சால்மோனெல்லா இல்லை என்று எழுதும் ஆய்வகங்களைப் பற்றி இங்கே பேசாமல் விடுகிறேன். டி குழு என்றாலே டைபாய்டு என்பதும் தவறு: முட்டை, கோழி வழியாகப் பரவும் என்டெரிடிடிஸ் என்ற சால்மோனெல்லாவும் அதே குழுதான் என்பதை நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் மறக்கக் கூடாது. கிருமியின் வால்போன்ற இழைகளைக் கண்டறியும் 'எச்' சீரமும் உயிர்வேதிச் சோதனைகளும் சேர்ந்துதான் பெயரை உறுதி செய்யும்.

இவ்வளவு விரைவான சோதனை கையில் இருந்தும், வளர்வதற்குக் கிருமி இல்லையென்றால் எங்களால் எதுவும் செய்ய இயலாது. பாதி அளவில் விழுங்கிய ஆன்டிபயாடிக், கல்ச்சரில் கிருமி வளராதபடி செய்துவிடுகிறது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் கல்ச்சர்தான் சொல்லும். சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குச் சரியாகக் கட்டுப்படாத டைபாய்டு கிருமிகள் இந்தியாவில் பரவிவிட்ட நிலையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆகவே காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினால் மருந்துக்கடைக்கு அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை, "இவ்வளவா?" என்று தயவுசெய்து கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் எடுத்த உடனேயே மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம், முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பே மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் அந்த அட்டையைக் கொண்டுவாருங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.