'தாய்வழி மரபணு' என்று எழுதாதீர்கள்

பறவைக் கருவளர்ச்சி பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'முதல் செல்பிளவுகளைத் தாய்வழி மரபணுக்கள் நடத்துகின்றன' என்ற வரி வந்து நிற்கிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? அம்மாவிடமிருந்து குஞ்சுக்கு வந்த மரபணு என்றுதான். சொல்ல வந்தது அதுவல்ல.

ஆங்கில மூலச்சொல் 'மெட்டர்னல்', வேர், தாயைக் குறிக்கும் லத்தீன் 'மாட்டர்'. 'ஜீன்' 1909-இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சன் தந்தது. நமக்கு அது மரபணு, இலங்கையில் பரம்பரையலகு. (அணுவுக்கு இங்கே வேலையே இல்லை, இலங்கைச் சொல்தான் நேர்த்தி. ஆனால் மரபணு ஊன்றிவிட்டது, போகட்டும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். கோழியின் சினைப்பையில் முட்டை முதிரும்போதே தாயின் மரபணுக்களிலிருந்து உருவான ஆர்என்ஏக்களும் (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் நகல்கள்) புரதங்களும் அதில் சேர்ந்துவிடுகின்றன. கருவுற்றபின் தொடக்கப் பிளவுகள் பெரும்பாலும் இந்த இருப்பை வைத்தே ஓடுகின்றன. 'வாசா' என்ற புரதத்தைப் பாருங்கள்: முதல் பிளவுப் பள்ளங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ ஆகப்போகும் செல்களுக்குள் போய்ச் சேர்கிறது. அதுவும் தாய் வைத்துவிட்டதுதான்.

ஆக, பார்க்க வேண்டியது தாயிடம் என்ன மரபணு இருக்கிறது என்பதை. இப்படிப்பட்ட, கருவுக்கு இன்றியமையாத ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் பிரதிகள்) பழுதான கோழியை எவ்வளவு நல்ல சேவலோடு சேர்த்தாலும் கரு தொடக்கத்திலேயே நின்றுபோகும். தாய்க்கு ஒரு படியாவது நன்றாக இருந்தால், இரண்டு படியும் பழுதான பெண்குஞ்சுகூடப் பொரிந்து வளரும். அது முட்டையிடத் தொடங்கும்போதுதான் வினை வெளிப்படும். 'தாய்வழி' என்ற சொல் இதை அப்படியே புரட்டிப் போடுகிறது. தாய்வழிப் பாட்டி, தாய்வழிச் சொத்து என்று வந்த வழியைத்தானே சொல்கிறோம்? பறவைகளில் அப்படி வருபவையும் உண்டு: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள், பெட்டைக்கு மட்டும் போகும் டபிள்யூ குரோமோசோம். அவற்றுக்கென்று அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டாமா?

'தாய்மை மரபணு' இதைவிட மோசம். அடைகாக்கும் பாசத்துக்கே ஒரு மரபணு இருப்பதுபோல் தொனிக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

'தாய்விளைவு மரபணு' என்பதே சரி. மரபணு தாயுடையது, விளைவு கருவில். கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பாது. 'தாய்வழி ஆர்என்ஏ' என்று எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை; அந்த ஆர்என்ஏ உண்மையிலேயே தாயிடமிருந்து முட்டைக்குள் வந்தது.