பழைய ராணுவ ஜீப் வாங்கும் முன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

என் பட்டறைக்கு வரும் பழைய ராணுவ ஜீப்புகளில் பெரும்பாலானவை விலை பேசி, பணம் கைமாறிய பிறகுதான் வருகின்றன. "நல்ல கண்டிஷன்ணே, பெயின்டுகூடப் புதுசு. சின்னச் சின்ன வேலைதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். அப்படித்தான் ஓர் இளைஞர் வந்தார். ஆலிவ் பச்சை, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்னால் பெட்ரோல் கேன், பக்கவாட்டில் மண்வெட்டி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நடுவில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வந்தது. சுரண்டிப் பார்த்தோம். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. இரண்டையும் வெட்டி ஒட்டி, மேலே தார் பூசியிருந்தார்கள். பல வருடம் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி அது. அவர் வெகு நேரம் பேசவே இல்லை.

வாங்குகிறவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். அடியில் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. விஷயமெல்லாம் அடியில்தான் இருக்கிறது.

இந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால் காரணம் புரியும். 1940இல் அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி கேட்டது. முதல் மாதிரியை பாண்டம் என்ற சிறு நிறுவனம் செய்து கொடுத்தது. பெரிய அளவில் தயாரிக்கும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. வில்லிஸ் செய்தது எம்பி, ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல் தயாராகிவிட்டன. ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்த வேண்டும், களத்திலேயே கழற்றி மாட்ட வேண்டும் என்பதே திட்டம். 80 ஆண்டு ஓட வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. அதனால் இன்று நம் கைக்கு வரும் ஜீப்பில் நாலைந்து வண்டிகளின் பாகங்கள் கலந்திருப்பது சகஜம். கலப்பு இருப்பதில் தப்பில்லை. அதை மறைத்து விற்பதுதான் தப்பு.

சரி, அடியில் படுத்தாயிற்று. என்ன பார்ப்பது?

முதலில் சேசிஸ். ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸோடு சேரும் தாங்கிகள், ஸ்டீயரிங் பெட்டி உட்காரும் இடம், எஞ்சின் மவுன்ட் பக்கம், இந்த மூன்று இடங்களில் விரிசல் விழும். விரிசலின் மேல் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒழுங்காகப் போட்ட ஒட்டு பரவாயில்லை. விரிசலைத் தோண்டி எடுக்காமல் மேலே தகடு போர்த்தியிருந்தால் உள்ளே அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் குறுக்கு அளவு. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் இடது தாங்கியிலிருந்து பின் வலது தாங்கிக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். விரற்கடை வித்தியாசம் வந்தால் அந்த வண்டி எப்போதோ உருண்டிருக்கிறது, அல்லது பலமாக மோதியிருக்கிறது.

1948இல் வந்த லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, எண்பது வயதை நெருங்கினாலும் வெளியே அழகாக இருக்கும். சேசிஸ் மட்டும் இரும்பு, அதுவும் பெட்டி வடிவம். சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து உள்ளிருந்தே அரித்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் பின் குறுக்குச் சட்டத்தை அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது சேசிஸ் மாற்றும் வேலை.

அடுத்தது எண்கள். ஒரு ஜீப் வில்லிஸா ஃபோர்டா என்று சொல்ல எனக்கு டேஷ்போர்டு தகடு தேவையில்லை. ரேடியேட்டருக்கு அடியில் சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால் போதும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பள்ளம் போலச் சதுரமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும்கூட 'எஃப்' எழுத்தை அடித்து வைத்தது. ஃபோர்டின் வரிசை எண் இடது சேசிஸ் சட்டத்தின் மேல்பக்கம் அச்சாக அடிக்கப்பட்டிருக்கும். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உட்பக்கம் ஒரு சிறு தகட்டை ரிவிட் அடித்திருப்பார்கள். பதிவு ஆவணத்தில் இருக்கும் எண் இந்த இடத்து எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கையுறைப் பெட்டி மூடியில் பளபளக்கும் தகடுகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை புதிதாக அச்சடித்தே விற்கப்படுகின்றன, எண்ணை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். சேசிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ, எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். திருட்டு வண்டியோ ஆவணம் மாற்றிய வண்டியோ, நீங்கள் எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அது உங்கள் கையில் நிற்காது.

போர்க்கால ஜீப் என்று சொல்லி, போருக்குப் பின் வந்த பொதுமக்கள் மாடலைப் பச்சையடித்து விற்பதும் உண்டு. முன் கிரில்லில் ஒன்பது இடைவெளி இருந்தால் போர்க்கால அமைப்பு. 1945இல் வந்த சிஜே-2ஏ மாடலில் ஏழு இடைவெளிதான், ஹெட்லைட் பெரிது, பின்னால் திறக்கும் கதவு இருக்கும், ஸ்டெப்னி பக்கவாட்டில் இருக்கும். சிஜே-2ஏ அருமையான வண்டி. அதை அதுவாகவே வாங்குங்கள், அதற்குரிய விலையில்.

எம்151 என்ற ராணுவ ஜீப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 1960இல் அமெரிக்க ராணுவத்துக்குள் வந்த மாடல் இது. இதற்குத் தனி சேசிஸ் கிடையாது, நான்கு சக்கரமும் தனித்தனியாக அசையும். ஆரம்ப மாடல்களில் வேகமாகத் திரும்பினால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி கவிழும் ஆபத்து இருந்தது. பொதுச் சாலைக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி, உபரி வண்டிகளை வெட்டிய பிறகே வெளியே விட்டார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி முழு வண்டியாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். பாடியே முதுகெலும்பாக இருக்கும் வண்டியில் நடுவில் ஒரு வெல்டிங் கோடு என்றால், அதில் குடும்பத்தை ஏற்றாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பாடி விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. ஜீப்பின் தகரத்தில் ஓட்டை இருப்பது இயல்பு. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளம், பின் மூலைக் கருவிப் பெட்டிகள், தரைக்கு அடியில் போகும் தாங்குபட்டிகள், இவையெல்லாம் தண்ணீர் தேங்கி அரிக்கும் இடங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பிடி விட்டுப்போகும் இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பசைதான் இருக்கிறது. ஆனால் இந்த மாடலுக்கு முழுப் பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். தகரம் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

எஞ்சின் அதைவிடச் சுலபம். 134 கன அங்குல, 60 குதிரைசக்தி வில்லிஸ் எஞ்சினுக்கு உதிரி பாகம் கிடைக்காத நிலை இல்லை. பிளாக்கில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடிப்பு இல்லாமல் இருந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம். எஞ்சின் ஓடுகிறது என்பதற்காக மயங்கவும் வேண்டாம், ஓடவில்லை என்பதற்காக நல்ல சேசிஸை விடவும் வேண்டாம்.

இனி வேலை செய்யும்போது வரும் ஆபத்துகள். இதில் எனக்கே அடிபட்டிருக்கிறது.

ஆரம்ப காலத்தில் ஒரு நாள், லேசான சரிவில் நின்ற ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினேன். வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்தது. கை அப்போதுதான் வெளியே வந்திருந்தது. இந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழுந்தால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ள, தரையில் நிற்கும் சக்கரம் உருளலாம். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் அந்தப் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கவே பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல், ஸ்டாண்டு போடாமல் அடியில் போகவே கூடாது என்பது அன்றிலிருந்து என் பட்டறையில் சட்டம்.

இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். 'எல்' என்று அடித்திருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் நீளக் குழாய் போட்டு அழுத்தி ஸ்டட்டை முறித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைவிடப் பயங்கரமானது போர்க்கால இரண்டு துண்டு ரிம். இரண்டு வட்டங்களையும் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் குண்டு போலப் பிரியும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போன பிறகே அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. பழைய பிரேக், கிளட்ச் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். பிரேக் டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசி தட்டும் பழக்கத்தை விடுங்கள். ஈரப்படுத்தித் துடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சில பழைய ராணுவ மீட்டர்களின் முள்ளிலும் எழுத்திலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒளி தரும் பூச்சுதான் செத்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்த மீட்டரைத் திறந்து சுரண்டாதீர்கள்.

சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிரேக்கைப் பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. அசல் மாறாமல் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் தினசரிப் போக்குவரத்தில் ஓடும் வண்டிக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடச் சொல்வேன். கழற்றிய அசல் பாகத்தைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். சீட் பெல்ட்டும் கவிழ்ச்சிச் சட்டமும் (ரோல் பார்) போடுவதாக இருந்தால் சேசிஸோடு சேர்த்துக் கட்டுங்கள். தரைத் தகரத்தில் மட்டும் முடுக்கினால், கவிழும்போது தகரத்தோடு பிய்ந்து வந்துவிடும்.

முன் சக்கர ஆட்டத்தைச் சோதிக்க, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்பக் கீல் போல இருக்கும் கிங்பின். ஸ்டீயரிங் கையில் உதறும் வண்டிகளுக்கு டயர் மாற்றிப் பணம் தொலைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வயரிங்கில் ஒன்று. போர்க்கால ஜீப் 6 வோல்ட், 1950இல் வந்த எம்38 24 வோல்ட். 6 வோல்ட்டில் அதே சக்திக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். 12 வோல்ட் கார்களின் மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்று மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

வண்டி முடிந்து வெளியே எடுக்கும் முதல் நாளில் நான்கு சக்கர இயக்க லீவரைக் காய்ந்த தார்ச்சாலையில் போட வேண்டாம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை, திருப்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். லீவர் திரும்ப வராது, கியர் உடையவும் செய்யும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் யு-போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள். நான்கு டிரம்மையும் தொடாமல், உள்ளங்கையை அருகில் கொண்டுபோய் அனல் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அதைத் தளர்த்தி, ஆறவிட்டு, பிறகு வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.