அது பனீர் இல்லைம்மா

காய்ச்சாத பாலால் நோயில் விழுந்து என்னிடம் வந்தவர்களில், ஜனவரி முடிவதற்குள் மூன்றாவது ஆள். முதல் இரண்டோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது நம் பெண். கோவைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கே டெக்சாஸில் வேலை, கணவர் மெக்சிகோ வம்சாவளி. ஏழு மாதக் கர்ப்பம். கிறிஸ்துமஸுக்கு மாமியாரின் தாய் வீட்டுக்கு, மெக்சிகோவின் சக்காட்டேகாஸ் மாநிலத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்வந்திருக்கிறார்கள். திரும்பி வந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்புவலி. ஃப்ளூ என்று நினைத்து இரண்டு நாள் படுத்தே இருந்தாள். மூன்றாம் நாள் குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது. அன்றிரவே அறுவை சிகிச்சை. இரத்தப் பரிசோதனையில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. குழந்தை பிழைத்துக்கொண்டது, ஐந்து வாரம் இன்குபேட்டரில் இருந்தது. (யாரென்று தெரியாதபடி எல்லா நோயாளிகளின் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.)

அவளுடைய அம்மா ஊரிலிருந்து ஃபோன் செய்தார். "டாக்டர் தம்பி, அவ வெளியில எதுவுமே சாப்பிடல. தண்ணிகூட பாட்டில்லதான் குடிச்சிருக்கா. அந்தப் பாட்டி வீட்ல செஞ்ச பனீர் மட்டும்தான்."

அது பனீர் இல்லைம்மா என்றேன். அழுதுகொண்டிருந்தவரிடம் அதற்குமேல் விளக்க மனம் வரவில்லை. இங்கே விளக்குகிறேன்.

நான் சான் அன்டோனியோவில் தொற்றுநோய் மருத்துவர். டிசம்பர் பிறந்தால் என் நோயாளிகளில் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள். கூரைமேல் சைக்கிள், மெத்தை, பொம்மைப் பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு 35ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, லாரெடோ பாலத்தில் எல்லை தாண்டி மோன்டெர்ரே, சால்ட்டியோ, சான் லூயிஸ் போட்டோசி என்று அவரவர் சொந்த ஊருக்குப் போவார்கள். டிசம்பர் 16 முதல் ஒன்பது இரவு போசாதா என்ற கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், பிறகு 24ஆம் தேதி இரவு விருந்து, ஜனவரி 6 மூன்று அரசர் திருநாளுக்கு ரொட்டி வெட்டுவது. நம் தீபாவளி, பொங்கல் பயணத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்டிகளில் இருக்கும் அவசரம் புரியும்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. மக்காச்சோள மாவில் கொழுப்பைப் பிசைந்து, நடுவில் மிளகாய்க் கறி வைத்து, கதிரின் தோலில் மடித்து ஆவியில் வேகவைக்கும் தமாலை, நம் கொழுக்கட்டைபோல வீட்டுப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து நூறு இருநூறு என்று மடிப்பார்கள். போசோலே மணிக்கணக்கில் கொதிக்கும் குழம்பு. போன்ச்சே என்பது தெஹோகோத்தே பழம், கொய்யா, கரும்பு, பட்டை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த பானம். தயங்காமல் சாப்பிடுங்கள். கொதித்ததும் வெந்ததும் சூடாக இலைக்கு வந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

என் கவலை மேசையின் ஓரத்தில் துணி மூடி வைத்திருக்கும் அந்த வெள்ளை வட்டு. கேசோ ஃப்ரெஸ்கோ. "புது சீஸ்" என்று பொருள்.

பார்த்தால் அச்சு அசல் பனீர்தான். அதே வெள்ளை, அதே உதிரும் தன்மை. அதனால்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பனீருக்குப் பால் முதலில் பொங்கக் கொதிக்க வேண்டும். அதன்பிறகுதான் எலுமிச்சை பிழிந்து திரிக்கிறோம். கிருமி அந்தக் கொதியிலேயே செத்துவிடுகிறது. கேசோ ஃப்ரெஸ்கோவைக் கிராமத்தில் அப்படிச் செய்வதில்லை. கறந்த பாலை, கறந்த சூட்டிலேயே, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்து உறையவைப்பார்கள். பிறகு தண்ணீரை வடித்து, உப்பைக் கையால் பிசைந்து, வளையத்தில் அழுத்தி வைப்பார்கள். பால் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. காய்ச்சாத பாலுக்கு அங்கே லெச்சே ப்ரோங்கா என்று பெயர். ப்ரோங்கா என்றால் அடக்கப்படாத, முரட்டுத்தனமான என்று அர்த்தம். அந்த ஊர்க்காரர்களே சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் பால் பொங்காமல் யாரும் டம்ளரில் ஊற்றுவதில்லை. பச்சைப் பாலைப் பயப்பட வேண்டும் என்று நமக்கு யாரும் தனியாகச் சொல்லித் தந்ததில்லை, தேவையே இருந்ததில்லை. அந்தப் பழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது என்பதே தெரியாமல் வளர்ந்துவிட்டோம்.

அடுத்து, எனக்கு மிகவும் அலுத்துப்போன வாக்கியம்: "மாட்டை நானே பார்த்தேன் டாக்டர், நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு." ஸ்பானிஷ் மொழியில் ஐம்பது தடவை, தமிழில் இப்போது முதல் தடவை கேட்டாயிற்று. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். மாட்டையோ ஆட்டையோ பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 வரை ஆனது. தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். வாசல்தோறும் பால் கறந்து விற்ற, ஒரு நோயும் இல்லாமல் நன்றாகத் திரிந்த ஆடுகளிடமே கிருமி இருந்தது. இத்தனை வருடம் யாரும் சந்தேகப்படாததற்குக் காரணம் ஆடுகள் ஆரோக்கியமாகத் தெரிந்ததுதான். 120 வருடம் ஆகிறது. இன்னும் மாட்டின் முகத்தைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறோம்.

பால் கறந்தவர் கை சுத்தமாக இருந்தது என்பதும் பதில் ஆகாது. புரூஸ் கண்டுபிடித்த அந்தக் கிருமி, புரூசெல்லா, பாலுக்குள்ளேயே மடியிலிருந்து வருகிறது. உப்பு போட்டதே என்றால், லிஸ்டீரியா உப்பைத் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தோமே என்றால், லிஸ்டீரியா ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வளரும். மற்ற கிருமிகள் பெரும்பாலும் குளிரில் ஒடுங்கும், இது பெருகும். எலுமிச்சை, மிளகாய், டெக்கீலா எதுவும் காப்பாற்றாது.

டெக்கீலா என்றதும் முதல் நோயாளி நினைவுக்கு வருகிறார். கட்டுமானத் தொழிலாளி, நாற்பத்தைந்து வயது. நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்கள் நாளுக்காக மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் அப்பாவின் கல்லறைக்குப் போயிருந்தார். அங்கே விடிகாலையில் மாட்டுக் கொட்டகைக்கே போய், டம்ளரில் சாராயமும் சாக்லெட் பொடியும் போட்டு, நுரை பொங்க நேராக அதில் பால் கறந்து குடிப்பார்கள். பஹரேத்தே என்று பெயர். ஆண்கள் கூடிப் பேசும் நேரம் அது. மூன்று நாள் குடித்தார். நவம்பர் கடைசியிலிருந்து மாலையானால் காய்ச்சல், இரவெல்லாம் வியர்வை, முதுகு நிமிர முடியாத வலி. இரண்டு மாதத்தில் 9 கிலோ இறங்கிவிட்டார். ஃப்ளூ என்றார்கள், தேய்மானம் என்றார்கள், கடைசியில் புற்றுநோய்க்கு ஸ்கேன் எடுத்தார்கள். நவம்பரில் எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் ஆகும். அவருக்கு இருந்தது புரூசெல்லா.

மருத்துவ நண்பர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. புரூசெல்லா சந்தேகம் வந்தால் இரத்த மாதிரியை அனுப்பும்போதே லேபுக்குச் சொல்லிவிடுங்கள். இந்த முறை யாரும் சொல்லவில்லை. கிருமி வளர்த்த தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைக்காமல் சாதாரண மேசையிலேயே கையாண்டுவிட்டார்கள். அதனால் அந்த லேப் ஊழியர்கள் நோயே இல்லாமல் மூன்று வாரம் மாத்திரை விழுங்க வேண்டியதாயிற்று. நோயாளிக்குக் குறைந்தது ஆறு வாரம், இரண்டு மருந்து. நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இரண்டாவது, நான்கு வயதுக் குழந்தை. கழுத்தில் கட்டி. நம் பாட்டிமார் கண்டமாலை என்பார்களே, அதுதான். மாட்டுக் காசநோய். அந்தக் குழந்தை எல்லையைத் தாண்டியதே இல்லை. ஊருக்குப் போய்வரும் சித்தப்பா ஒவ்வொரு முறையும் ஐஸ் பெட்டியில் சீஸ் கொண்டுவந்து உறவினர் வீட்டுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். நியூயார்க்கில் 2001 முதல் 2004 வரை இந்த மாட்டுக் காசநோய் 35 பேருக்கு வந்தது. 15 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. விசாரித்தபோது மெக்சிகோவிலிருந்து வந்த புது சீஸ்மீதுதான் சந்தேகம் விழுந்தது. வழக்கமான காசநோய் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு இதற்கு வேலை செய்யாது.

"பாட்டிக்கு எண்பது வயசு, அவங்க சாப்பிட்டு நல்லாத்தானே இருக்காங்க?" சரி, அந்தப் பாட்டியையே கேளுங்கள். நான் கேட்டேன். மாமியார் ஃபோனைப் பிடித்துக்கொள்ள, மால்டா காய்ச்சல் தெரியுமா என்று ஸ்பானிஷில் விசாரித்தேன். தெரியுமே, என் தம்பிக்கு ஒரு வருடம் இருந்தது, வயலுக்கே போக முடியவில்லை என்றார். இரண்டு கர்ப்பம் ஏழாம் மாதத்தில் காரணம் தெரியாமல் கலைந்ததாகவும் தானாகவே சொன்னார். சீஸால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்பது உண்மையில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிராமத்துச் சீஸ் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கடையில் விற்ற மெக்சிகன் பாணி சீஸால் 142 பேருக்கு லிஸ்டீரியா. 48 இறப்பு. அதில் 30, வயிற்றிலிருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும். தொழிற்சாலையில் பச்சைப் பால் கலந்துவிட்டது என்றே விசாரணை சந்தேகித்தது. தாய்க்கு லேசான காய்ச்சலாகத்தான் தெரியும். கிருமி நஞ்சுக்கொடியைத் தேடிப் போகும்.

ஆகவே கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பாஸ்டரைஸ் செய்தது, அதாவது கிருமி சாகும்படி பாலைச் சூடாக்கியது, என்று லேபிள் இருந்தாலும் இந்தச் சீஸைப் பச்சையாகத் தொடாதீர்கள். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள், உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரவேண்டும். பீன்ஸின்மேல் கடைசியில் உதிர்த்துத் தூவுவது சூடாக்குவது ஆகாது. அறுபது தாண்டியவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், கைக்குழந்தைகள், இவர்களுக்கும் இதே விதிதான். மற்றவர்கள் "இந்தப் பால் காய்ச்சியதா?" என்று கேளுங்கள். "புதுசா?" என்று கேட்காதீர்கள், புதுசுதான், அதுதான் பிரச்சினை. பஹரேத்தே வேண்டவே வேண்டாம். ஐஸ் பெட்டியில் சீஸ் கொண்டுவந்து பங்கு போடாதீர்கள். லிஸ்டீரியா வெளியே தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம், புரூசெல்லா ஐந்து மாதம் வரை போகும். அதனால் மே மாதம் காய்ச்சல் வந்தாலும் டிசம்பரில் மெக்சிகோ போனதையும் அங்கே சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பாட்டி ஆசையாக ஊட்டும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கூடாது என்றுவிட்டார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

சீஸை விடச் சொல்லவில்லை. 1997இல் வாஷிங்டன் மாநிலம் யாக்கிமாவில் இதே சீஸால் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியபோது, அங்கிருந்த பல்கலைக்கழகத்தினர் தடை, அபராதம் என்று இறங்கவில்லை. ஊர்ப் பாட்டிகளையே கூப்பிட்டு, பாஸ்டரைஸ் செய்த பாலில் அதே ருசி வரும் செய்முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாட்டிகள் அக்கம்பக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதை அந்த மாமியாரிடம் சொன்னேன். குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள் அது. பாலை 63 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, பிறகு உறையவைக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தேன். சமையலறைத் தெர்மாமீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டு வாங்கப் போகிறாராம், ஒன்று அம்மாவுக்கு.