பராமரிப்பு உதவித்தொகை: மறுமதிப்பீட்டுக்குப் போகும் முன்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒருமுறை வரத் தொடங்கிவிட்டால் பிறகு நிற்காது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் நிற்கும். அது சின்ன வேலைதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, ஆதார், அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல்களோடு, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்தால் முடிந்தது. கவனமாகத் தயாராக வேண்டியது, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று டாக்டர் மறுபடி பார்த்து முடிவு செய்யும் மருத்துவ மறுமதிப்பீட்டுக்கு.

முதலில் உங்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழை எடுத்து, அதில் 'நிரந்தரம்' என்று இருக்கிறதா, 'தற்காலிகம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் காலாவதி தேதி இருக்கும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் தரும் சான்று ஆயுளுக்கும் செல்லும். தேதி முடியும்வரை காத்திருக்காமல், சில மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

சதவீதம் ஏன் இவ்வளவு முக்கியம்? அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு 40 சதவீதம் இருந்தாலே இந்தத் தொகை உண்டு. கை கால் பாதிப்பு போன்றவற்றில் 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' பிரிவுக்கு 75 வேண்டும். போன தடவை 75 போட்டவர் இந்தத் தடவை 70 என்று எழுதினால் 2,000 ரூபாய் கையை விட்டுப் போய்விடும். அப்போது வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும் வருவாய்த் துறையின் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வேறு விதி, வேறு மனு.

சரி, டாக்டர் முன்னால் என்ன சொல்வது? நம் ஊர் அம்மாக்கள் தடுமாறுவது இங்கேதான். "இவன் தானா சாப்பிடுவானா?" என்று கேட்டால், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் "சாப்பிடுவான் சார், எல்லாம் செய்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் வைத்தால்தான் சாப்பிடுவான் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பிள்ளையைப் புகழ அது நேரமில்லை. இல்லாததைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சோதனையில் தெரிந்துவிடும், அப்புறம் சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

ஒரு வாரம் வீட்டில் நடப்பதைத் தாளில் எழுதி வையுங்கள். குளிப்பாட்டுவது யார், கழிவறைக்கு யார் கூடப் போகிறார், ராத்திரி எத்தனை தடவை எழுப்ப வேண்டியிருக்கிறது, வலிப்பு எந்தெந்த நாளில் வந்தது, கடைக்குத் தனியாக அனுப்ப முடியுமா, மீதிக் காசு எண்ணத் தெரியுமா. சாதாரண நாளையும் மோசமான நாளையும் தனித்தனியாக எழுதுங்கள். பேச்சு வராமல் திணறினால் தாளை அப்படியே நீட்டிவிடலாம்.

கூடப் போகிறவர் தினமும் பார்த்துக்கொள்கிறவராக இருக்கட்டும். அப்பா ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போய் வாரக்கணக்கில் வீட்டில் இல்லாதவர் என்றால், கேள்விக்குப் பதில் பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டியையே கூட்டிப் போங்கள்.

பழைய கடுதாசிகளை எறிந்துவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளில் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்த சீட்டுகள் கிடக்கும். அங்குள்ள மெடிக்கல் காலேஜ், ஸ்ரீ சித்ரா மருத்துவமனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் எத்தனை வருடமாகப் பாதிப்பு இருக்கிறது என்று காட்டும். தேதி வரிசையில் அடுக்கி, ஒரு செட் நகல் எடுத்து, அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எதை எத்தனை தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காது கேட்கும் கருவி, காலில் மாட்டும் காலிப்பர், சக்கர நாற்காலி எதைப் பயன்படுத்தினாலும் அதோடுதான் போக வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விளவங்கோடு, கிள்ளியூர் பக்கமிருந்து வருகிறவர்கள், எந்தப் பிரிவு டாக்டர் எந்த நாளில் பார்க்கிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து உட்கார முடியாதவருக்கு என்ன ஏற்பாடு என்பதை நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, மனு ரசீதை வாங்கி வையுங்கள்.

சதவீதம் குறைந்துவிட்டால் அங்கேயே சண்டை போடாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 59 மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்தான். ஆனால் சதவீதம் மருத்துவர்கள் முடிவு செய்வது. அதனால் "மறுபரிசோதனைக்கு அனுப்புங்கள்" என்று குறிப்பாகக் கேட்டு, புதிய ரிப்போர்ட்டையும் கூடவே இணையுங்கள்.

18 வயதை நெருங்கும் பிள்ளை என்றால் இன்னொரு வேலையும் சேர்ந்து வரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி சட்டப் பாதுகாவலரை நியமிப்பது ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு. 18 ஆன பிறகு பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பதால், சான்றிதழ் புதுப்பிக்க அலுவலகம் போகும்போதே அந்த விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.