மானிட்டர் என்றால் கண்காணிப்பா?

கடலூர்ப் பக்கம் யாருக்காவது உடம்பு ரொம்ப மோசமானால், "பாண்டிக்குக் கொண்டுபோயிட்டாங்க, ஐசியூல மானிட்டர் போட்டு வச்சிருக்காங்க" என்பார்கள். அந்த மானிட்டர் எங்கிருந்து வந்த சொல்?

லத்தீனில் 'மொனேரே' என்றால் எச்சரிப்பது, நினைவூட்டுவது. எச்சரிப்பவர் 'மோனிதோர்'. ஆங்கிலத்தில் அது வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாணவரைக் குறித்தது. கருவிக்குப் பெயரானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் இதைக் 'கண்காணிப்புக் கருவி' என்று எழுதுகிறோம். கண்காணி நமக்குப் பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்த்தவர் 'ஸ்ரீகாரியக் கண்காணி'. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் ஆள் சேர்த்து வேலை வாங்கியவர் கங்காணி. இரண்டுமே மனிதர்கள். அதனால்தான் கருவிக்கு இந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் சித்தி புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது பார்த்தேன். விரலில் ஒரு கிளிப். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடும் கருவி அது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களில் கண்ட வழி. சித்தி கையை அசைத்ததும் எண் சரிந்து அலாரம் அடித்தது. ஓடிவந்த நர்ஸ் திரையைப் பார்க்கவில்லை. முதலில் சித்தியின் உதட்டு நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்தார். அப்புறம் நழுவிய கிளிப்பைச் சரிசெய்தார். எச்சரித்தது கருவி, கண்காணித்தது அவர்.

ஐசியூ பிறந்த கதையும் இப்படித்தான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் படுக்கையருகே உட்கார்ந்து, கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். அந்தப் பிரிவுக்குத் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்ற பெயர் நம்மிடம் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. பிரெஞ்சில் அதை 'ரெயானிமாசியோன்' என்பார்கள், மீண்டும் உயிரூட்டுதல். புதுச்சேரிக்காரர் சிலருக்கு இது பழகிய சொல்லாக இருக்கும். எனக்குப் பிடித்த சொல்.

மானிட்டருக்கு நான் எழுதுவது 'உயிர்க்குறி காட்டி'. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் காட்டுகிறது, எல்லை தாண்டினால் கூப்பிடுகிறது. 'கண்காணிப்பில் இருக்கிறார்' என்பதை, பக்கத்தில் ஆள் நின்று பார்க்கும்போது மட்டும் எழுதுகிறேன்.